புகை செய்யும் மறைமுகக் கொலை

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மாநகரை மூடிய நிலக்கரிப் புகை, நாடக அரங்கினுள்ளும் புகுந்து, மேடையே தெரியாதபடி செய்து இசை நாடகத்தை இடையில் நிறுத்தியது. கண்காட்சிக்கு வந்த மாடுகளில் சில மூச்சுத் திணறி மாண்டன. ஜனங்களில் சுமார் 4,000 பேர் மடிந்தனர். ஆயினும், அடுத்து வந்த மாதங்களிலும் குறையாத மரணங்களுக்குச் சர்க்கார் இன்ஃபுளுயன்ஸாவைக் காரணம் காட்டியது. நுண்துகள்கள் சுவாசப்பையைக் கடந்து ரத்தத்திலும் கலப்பதால், புகையின் குற்றம் பெரும்பாலும் மாரடைப்பு, பக்கவாதம், ஆஸ்த்மா என்று வேறு பெயர்களிலேயே பதிவாகிறது. 1956-இல் பார்லிமெண்ட் சட்டமியற்றி வீட்டு அடுப்புகளையும் கட்டுப்படுத்தியதே உண்மையான சிகிச்சை. மூச்சைத் தேர்ந்தெடுத்து விடும் சுதந்திரம் எவருக்கும் இல்லையாதலால், காற்றைக் காப்பது ராஜ்யத்தின் கடமையேயன்றி நோயாளியின் ஜாக்கிரதையன்று.