முடிவில்லா ஆட்டத்தில் வெற்றி யாருக்கு?

இருவர் மாறி மாறி ஓர் இயல் எண்ணைச் சொல்கின்றனர். ஆட்டம் முடிவதே இல்லை. இவ்வாறு உருவாகும் தொடர்முறை, முன்னரே குறித்துவைத்த கணத்தில் அமைந்தால் முதல்வருக்கு வெற்றி, இல்லையேல் மற்றவருக்கு. எதிரி எப்படி ஆடினாலும் வெல்லும் உத்தி, இருவரில் ஒருவரிடம் இருந்தே தீருமா?

'இருக்கும்' என்பதையே அடிக்கோளாகக் கொள்ளலாம் என 1962இல் போலந்து அறிஞர்கள் மிட்செல்ஸ்கியும் ஸ்டைன்ஹவுஸும் முன்மொழிந்தனர். ஏற்றால், மெய்யெண் கணம் ஒவ்வொன்றுக்கும் லெபேக் அளவை கிட்டும். ஆனால் தெரிவு அடிக்கோளைத் துறக்க வேண்டும்; அதைக்கொண்டு எவருக்கும் உத்தியில்லாத ஆட்டமொன்று உண்டென்று கேலும் ஸ்டூவர்ட்டும் 1953இலேயே காட்டிவிட்டனர். தெரிவு போனால், எல்லா வெக்டர் வெளிக்கும் அடிக்கணம் உண்டென்று நாம் படிக்கும் தேற்றமும் போய்விடும்!

தெரிவைக் காப்பதே நன்று என்பேன். போரெல் கணங்களுக்கு வழக்கமான அடிக்கோள்களே உத்தியைத் தருகின்றன என்று 1975இல் மார்ட்டின் நிறுவினார். பயனுள்ள பகுதி இழப்பின்றியே கிடைக்கிறதன்றோ?

அடிக்கோள் வேதவாக்கன்று, விளைவை எடைபோட்டுத் தேர்வது. அதை மனப்பாடம் செய்யும் நாம், 'ஏன் ஏற்றோம்?' என்று வகுப்பில் ஒருமுறையேனும் கேட்க வேண்டும் என்பது என் துணிபு.