நூலக வரிக்குப் புதிய புத்தகம் வேண்டும்

சென்னையில் சொத்து வரி கட்டுபவர்கள் அதோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறார்கள். ரூபாய்க்குப் பத்துப் பைசா. எஸ்.ஆர். ரங்கநாதனின் பல்லாண்டு முயற்சியால் 1948-ல் வந்த மதராஸ் பொது நூலகச் சட்டம்தான் இந்த வரிக்கு வழிசெய்தது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு மக்கள் தங்கள் பங்கைச் செலுத்திவிடுகிறார்கள். நல்ல தமிழ்ப் புத்தகங்கள், குறிப்பாகப் பதின்பருவத்தினருக்கானவை, வெளியான சூட்டோடு கிளை நூலகத்துக்கு வந்து சேர வேண்டும் என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

"பிள்ளைகளுக்குத் தமிழில் என்ன இருக்கிறது?" என்ற கேள்வி இனி செல்லாது.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-ல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. குழந்தைகள் மீதான பாலியல் சீண்டல் பற்றி வீட்டில் எப்படிப் பேச்செடுப்பது என்று தவிக்கும் பெற்றோர் ஏராளம். அந்தப் பேச்சை ஒரு மரப்பாச்சி பொம்மையின் வாயில் வைத்து, குழந்தை மிரளாதபடி சொல்கிறது இந்த நாவல். இதைப் பிள்ளையிடம் கொடுக்கும் முன் அம்மாவும் அப்பாவும் படிக்க வேண்டும். சிறுவர் நூல்தானே என்று ஒதுக்கிவைப்பது தவறு. 2023-ல் அதே விருதைப் பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியைக் கதையாக்கியது. ஆதன் என்பது அங்கே கிடைத்த பானை ஓட்டில் இருந்த பெயர். 2025-ல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வுக்கு அந்த விருது கிடைத்திருக்கிறது.

பெரியவர்களுக்கான நூல்களிலும் பதினாறு வயதினர் படிக்கத் தக்கவை உண்டு. 2024-ன் சாகித்திய அகாதெமி விருது நூல், ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. கப்பல் ஓட்டினார், செக்கிழுத்தார் என்பதோடு பாடப்புத்தகம் நின்றுவிடுகிறது. வ.உ.சி. கைதான மறுநாள், மார்ச் 13 அன்று, கடைகள் அடைக்கப்பட்டன. மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறினார்கள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள். தன் வயதுப் பிள்ளைகள் அன்று தெருவில் இறங்கினார்கள் என்பது ஒரு பள்ளி மாணவருக்குத் தெரிய வேண்டாமா?

கோட்டூர்புரத்தில் 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே அருமையான பகுதி இருக்கிறது. ஆனால் மந்தைவெளியிலோ மாம்பலத்திலோ இருக்கும் பிள்ளை வாராவாரம் அங்கே போய்வர முடியாது. நடந்து போகும் தூரத்தில் உள்ள கிளை நூலகமே அதற்குக் கதி. அங்கே சிறுவர் அலமாரியைக் கடந்துவிட்ட பிள்ளையின் கண்ணில் அடுத்துப் படுவது பெரும்பாலும் போட்டித் தேர்வு வழிகாட்டிகள்தான்.

பொது நூலகத் துறை ஒவ்வொரு கிளையிலும் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்குத் தனி அலமாரி ஒதுக்க வேண்டும். விருது பெறும் நூல்களில் கிளைக்கு இரண்டு படிகளாவது அந்த ஆண்டே வாங்க வேண்டும். வாசகர்களும் சும்மா இருக்கலாகாது. இந்த வாரம் உங்கள் கிளை நூலகத்துக்குப் பிள்ளையுடன் போங்கள். மேலே சொன்ன நூல்களைக் கேளுங்கள். இல்லையென்றால் வேண்டும் என்று நூலகரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.