காற்றுக்குக் காசு தெரியாது

போன மாசம் அம்மாவிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து உடனே பதில் வந்தது: "ஏண்டா, உங்கப்பா பூமிக்குள்ள போனாரு. நீ ஆகாசத்துக்குப் போறியா? தரையில இருக்கவே மாட்டீங்களா?"

விஷயம் இதுதான் மக்களே. பி.காம். படித்து, மெல்பர்னில் பேங்க் உத்தியோகம் பார்க்கும் நான், நாற்பத்தாறு வயசில் குட்டி விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். மூராபின் விமான நிலையம், நாலு பேர் உட்காரும் செஸ்னா 172.

முதல் நாளே மானம் போச்சு. ஓடுபாதைக்குப் போகும் வழியில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்புகிறேன், வண்டி நேராகப் போகிறது. தரையில் காலால்தான் திருப்ப வேண்டுமாம்! இருபது வருஷம் கார் ஓட்டிய கை அடங்க நாலு வகுப்பு ஆயிற்று. சொல்லிக்கொடுக்கும் பையனுக்கு என் வயசில் பாதி :-)

நம்ம ஆட்களிடம் சொன்னால், "நமக்கெதுக்கு சார் இந்த வெள்ளைக்காரன் விளையாட்டு?" என்கிறார்கள். பெங்களூர் ஜக்கூர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949லேயே பயிற்சி முடித்தவர் உஷா சுந்தரம். 1951இல் கணவர் வி. சுந்தரத்தோடு, டவ் என்ற சின்ன விமானத்தில் லண்டனிலிருந்து இந்தியாவுக்கு 27 மணி நேரம் பறந்து வந்தார். தங்கவயலிலிருந்து ஜக்கூர் சுமார் நூறு கிலோமீட்டர்தான். ஆனால் எங்கள் லைன் வீடுகளுக்கு அது வேறு கிரகம்.

சரி, சொல்ல வந்ததுக்கு வருகிறேன். போன சனிக்கிழமை புளிசாதம் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போனேன். அப்பா பறப்பதைப் பசங்க வீடியோ எடுப்பதாகத் திட்டம். பையன் காற்றுப் பையைப் பார்த்தான். ஓடுபாதைக்குக் குறுக்கே காற்று. "இன்னிக்கு வேண்டாம்" என்றான்.

"லீவு போட்டு, குடும்பத்தையே கூட்டிட்டு வந்திருக்கேனே?" என்றேன்.

"காற்றுக்கு அது தெரியாதே" என்றான்.

காரில் திரும்பும்போது தங்கமணி ஒன்றும் பேசவில்லை. எனக்கு அப்பா ஞாபகம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். நான் ஏறுவது 3,000 அடி, அது 10,000 அடி. சங்கு ஊதினால் கேஜில் ஏறியாக வேண்டும். உள்ளே பாறை வெடித்துப் போனவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. "இன்னிக்கு சரியில்ல, இறங்கல" என்று சொல்ல அப்பாவுக்கு வழியில்லை. சொன்னால் கூலி போச்சு. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். அதையும் அவரைக் கேட்டுச் செய்யவில்லை.

"வேண்டாம்" என்று சொல்ல முடிவது எவ்வளவு பெரிய வசதி என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ஊர் விட்டு வந்த நமக்கு அந்த வார்த்தை வாயில் வராது. காசு கட்டியாச்சு, கிளம்பியாச்சு, முடித்தே ஆகணும் என்று வளர்ந்தவர்கள் நாம். ஆபீஸில் அந்தப் புத்தி சோறு போடும். விமானத்தில் ஆளைக் கொல்லும்.

அதனால் என் கருத்து: ஆசை இருந்தால் கற்றுக்கொள்ளுங்கள், வயசு தடையில்லை. ஆனால் கடன் வாங்கிப் பறக்காதீர்கள். கடன்காரனுக்கு "வேண்டாம்" சொல்ல மனசு வராது. மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாமல், வகுப்புக்கு வகுப்பு கொடுங்கள். இங்கே பொழுதுபோக்கு விமானி உரிமத்துக்கு 25 மணி நேரம், இந்தியாவில் தனியார் விமானி உரிமத்துக்கு 40 மணி நேரம் என்பதெல்லாம் குறைந்தபட்சக் கணக்கு. நம்மைப் போன்ற லேட் பிக்கப்புகளுக்குக் கூடவே ஆகும். அதற்கும் சேர்த்துக் காசு எடுத்து வையுங்கள். ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தில் விமானம் ஓட்டுவது பற்றி என்ன போட்டிருக்கிறது என்று முதலில் படியுங்கள்.

அம்மாவிடம் சனிக்கிழமைக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டாள்:

"அந்த மாதிரி ஒரு பையன் சுரங்க வாசல்ல இருந்திருக்கக் கூடாதாடா?"