மாத்திரைக்கும் ஜீரோ எர்ரர் பார்ப்போம்!



விடிகாலை ஜீப்பில் போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் காய் பறிப்பவர் என் அம்மா. அவருக்கு ரத்தக் கொதிப்பு. ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தரும் மாத்திரையை ஒழுங்காகப் போட்டு வந்தார்.

போன வருஷம் தெரிந்தவர் ஒருவர், "அத நிறுத்திருக்கா. கோ-என்சைம் கியூ10 சாப்பிடு, பிரஷரே வராது" என்று ஒரு டப்பாவை விற்றுவிட்டுப் போனார். பல நாள் கூலி போச்சு. ஒரே மாதத்தில் அம்மா தோட்டத்துச் சரிவில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். "நீதான் படிச்ச பிள்ள. இது நல்லதாப்பா?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்த எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. தேடிப் படித்தேன்.

கியூ10 பொய்ச் சரக்கு அல்ல. என்சைம்கள் வேலை செய்யத் துணை நிற்கும் பொருள். நம் உடம்பே தயாரிக்கிறது. செல்லுக்குள் எலக்ட்ரான்களைக் கடத்துகிறது. எலக்ட்ரிகல்காரர்களுக்குச் சொன்னால், ஒயர் மாதிரி! 1957ல் அமெரிக்காவில் பிரெடரிக் கிரேன் மாட்டு இதயத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்.

நம் நாட்டிலும் சோதித்தார்கள். 1999ல் மொராதாபாத்தில் ஆர்.பி. சிங் குழுவினர், இதய நோயும் ரத்தக் கொதிப்பும் உள்ள 59 பேரில் 30 பேருக்குக் கியூ10, 29 பேருக்கு பி காம்ப்ளெக்ஸ் 8 வாரம் கொடுத்தனர். கியூ10 சாப்பிட்டவர்களுக்கு அழுத்தம் குறைந்தது என்று எழுதினர். ஆனால் கவனியுங்கள்: அவர்கள் பிரஷர் மாத்திரை சாப்பிட்டு வந்தவர்கள்!

பல சோதனைகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, மேல் அழுத்தம் சராசரியாக 11 குறையலாம் என்று 2009ல் சொன்னது. 2016ல் மறுபடி அலசியபோது, சேர்த்துக் கணக்கிடும் அளவுக்கு நம்பத்தகுந்தவை இரண்டே சோதனைகள், 50 பேர். சொல்லும்படியான பலன் இல்லை என்பதே முடிவு.

லேபில் மீட்டர் முள் ஜீரோவில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதானே ரீடிங் எடுக்கிறோம்? மருந்துச் சோதனையில் அந்த ஜீரோதான் வெற்று மாத்திரை. அதைத் தின்றவருக்கும் சில சமயம் பிரஷர் குறையும். அதைக் கழித்துப் பார்த்தால்தான் மருந்தின் பலன் தெரியும்.

அம்மா இப்போது பழைய மாத்திரைக்கே திரும்பிவிட்டார். நம் வீட்டுக்கும் நாளை ஒரு டப்பா வரும். "எத்தனை பேரிடம் சோதித்தீர்கள்? எதோடு ஒப்பிட்டீர்கள்?" என்று கேட்போம். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த விடமாட்டோம். படித்த பிள்ளை இதைக்கூடக் கேட்காவிட்டால் படித்து என்ன பயன்?