குளிர் மலையில் கொதிக்கும் எஞ்சின்

நுவரெலியாவில் கம்பளிச் சட்டை அணிந்து மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது என்று முறையிட்டால் வெளியூரார் நகைப்பர். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்குப் பின்னால் ஒருவரையும் முன்னால் ஒரு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு ஏறியவர் நகைக்கமாட்டார். காற்றால் குளிரும் எஞ்சினுக்குக் குளிர் மட்டும் போதாது. விரைந்து வீசும் காற்றும் வேண்டும். இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது அது கிடைப்பதில்லை. சுமார் 1,900 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தியும் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வளைவுகளில் கிளச்சைப் பாதி பிடித்தபடி ஏறும் நமது பழக்கம் வேறு. பெரும்பாலான வண்டிகளில் கிளச்சுக்கும் கியருக்கும் எஞ்சினுக்கும் ஒரே ஒயில்தான்.

இதற்கு மருந்தென்று சில கராஜ்களில் ஒயில் கூலரைப் பொருத்திவிடுகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. பல்சர் 220 போன்றவற்றில் அது தொழிற்சாலையிலேயே அளந்து அமைக்கப்பட்டது. இல்லாத வண்டியில் புதிதாகப் பூட்டினால், தேய்ந்த பம்பு கூடுதல் தூரம் ஒயிலைத் தள்ளத் திணறும். மூட்டில் வாஷர் சரியாக அமராவிட்டால் கசியும்.

நோர்வூட் பக்கத்து இளைஞர் ஒருவர் அப்படித்தான் பூட்டினார். சூடு குறையவில்லை. பிறகு பார்த்தபோது ஒயில் பாதியளவே இருந்தது. அவர் அளவு பார்க்காதவர் அல்லர். லயத்து வாசலில், சரிவில், பக்கக் கம்பியில் சாய்த்து வைத்துப் பார்த்து வந்தார். சாய்ந்த வண்டி உண்மை சொல்லாது. எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளின் இடையே காய்ந்த சேறும் அடைத்துக் கிடந்தது. ஒரு பழைய தூரிகையால் தீர்ந்திருக்கும் காரியம்!

இதற்கு நேரெதிரான தொல்லையும் நம் மலையில் உண்டு. பனிக்காலையில் லயத்திலிருந்து சந்திவரை மட்டும் ஓடி நிறுத்தினால் ஒயில் சூடேறுவதேயில்லை. உள்ளே ஈரம் தங்கி, மூடியின் அடியில் பால்போன்ற நுரை படியும். ஒயில் 100 பாகை செல்சியசை நெருங்கிச் சற்று நேரம் ஓடினாலே அது அகலும். கூலர் அந்தச் சூட்டையும் தாமதப்படுத்துகிறது.

அற்ப விடயமென்று இதைத் தள்ள முடியாது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். அதற்கிடையில் தோட்டங்களைத் தாங்கியவை பழைய வண்டிகளே. பஸ் வராத டிவிசனிலிருந்து நள்ளிரவில் காய்ச்சற் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு போவதும் அவைதான். ஒரு லீற்றர் ஒயில் ஒரு நாட் சம்பளத்தை விழுங்குகிற வீட்டில், வேண்டாத கூலருக்குப் பணம் வாங்குகிறவர் முதலில் ஒயில் அளவையாவது பார்த்திருக்கக் கூடாதா?

நோர்வூட் இளைஞர் கூலரைக் கழற்றிவிட்டார். இப்போது ஞாயிறு தோறும் வண்டியைப் பிரட்டுக்களத்துக்கு உருட்டிச் சென்று நிமிர்த்திப் பிடித்து அளவு பார்க்கிறார். அந்தத் தோட்டத்தில் சமதரை என்று இருப்பது அது ஒன்றுதான்.