இடுப்புக்கு மேலா, கீழா?

நான்கு புள்ளி விதியைப் பிரித்தானிய அரசு கைவிட்டுவிட்டது என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். 2025 ஜூலை முதல் நாள் சொந்தக் கட்சியினரே முரண்டு பிடித்ததால், வாக்கெடுப்புக்குச் சற்று முன் அதை நலக் கொடுப்பனவு மசோதாவிலிருந்து உருவியெடுப்பதாக அறிவித்து மறுஆய்வுக்கு அனுப்பினார்கள். தள்ளிவைத்தார்கள், அவ்வளவுதான். தவறு என்று இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் கோபம் அதில்தான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான பிப் (Personal Independence Payment) கொடுப்பனவின் அன்றாட வாழ்க்கைப் பிரிவுக்கு மொத்தம் எட்டுப் புள்ளி போதும். ஏதாவது ஒரு செயலிலாவது நான்கு புள்ளி வேண்டும் என்று கட்டாயப்படுத்தப் பார்த்தார்கள். இதன் கொடுமை குளியலறையில்தான் முழுசாகத் தெரியும்.

குளியல் தொட்டிக்குக் குறுக்கே பலகை போட்டு உட்கார்ந்து, சுவர்க் கம்பியைப் பற்றிக்கொண்டு காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துவைப்பவருக்கு இரண்டு புள்ளி. தலைமுடியையோ இடுப்புக்குக் கீழேயோ கழுவ ஆள் வேண்டுமென்றால் அதற்கும் இரண்டுதான். தொட்டியில் இறங்கி ஏற ஆள் பிடிக்க வேண்டுமென்றால் மூன்று. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே கழுவிவிட ஆள் தேவைப்பட்டால்தான் நான்கு. இவற்றைக் கூட்டவும் முடியாது. ஒரு செயலுக்கு ஒரு மதிப்பெண்தான். முதுகு தேய்க்க ஆள் வேண்டியவர் தப்பித்துவிடுவார். தொடையிடுக்கை மகள் கழுவிவிட, கூசிக் குறுகி உட்கார்ந்திருக்கும் தாய் தப்ப மாட்டார். எந்த மருத்துவர் இந்தக் கோட்டை இடுப்பில் போட்டார்?

சமைக்க, உடுத்த, கழிப்பறை போக, குளிக்க என நான்குக்கும் சாதனங்களை நம்பி இரண்டிரண்டாக எட்டு எடுத்தவரின் கதி இன்னும் மோசம். 2025-26 கணக்கில் வாரம் 73.90 பவுண்டு மொத்தமாகப் போயிருக்கும். குளியல் இருக்கை வாங்கிவிட்டால் செலவு தீர்ந்ததா? மெதுவாகக் குளிப்பவருக்கு வீடு அவ்வளவு நேரமும் சூடாக இருக்க வேண்டும். குளித்த களைப்பில் படுத்துவிடுகிறவர் அன்று அடுப்படிக்குப் போக மாட்டார். சாப்பாட்டை வெளியில்தான் வாங்க வேண்டும்.

மாற்றியமைக்கப்படாத தொட்டியில் ஏறி இறங்குவதும் குளிப்பதில் சேரும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. வீட்டில் தரைமட்ட ஷவர் போட்டுக்கொண்டவரைப் பார்த்து, ‘சமாளிக்கிறார்’ என்று மதிப்பீட்டாளர் எழுதும்போது அந்த வரி எங்கே போகிறது? நம்மவர்களும் கூச்சத்தில், ‘நானே குளிச்சிடுவேன்’ என்று சொல்லிவைக்கிறார்கள். மனைவி கைபிடித்து இறக்கிவிடுவது கோப்பில் ஏறுவதே இல்லை.

பிப்பை நடத்தும் பணி, ஓய்வூதியத் துறைக்கு இது புதிய வேலையும் இல்லை. 2013-இல் பிப்பைக் கொண்டுவந்தபோதே, நடக்க இயலாமையின் அளவை 50 மீட்டரிலிருந்து 20 மீட்டராகச் சுருக்கினார்கள். 2016-இல் உடுத்தவும் கழிப்பறைக்கும் பயன்படும் சாதனங்களுக்கான புள்ளியைப் பாதியாக்கப் பார்த்தார்கள். துறை அமைச்சரே ராஜினாமா செய்ய, சில நாட்களில் பின்வாங்கினார்கள். 2017-இல் மன உளைச்சலால் தனியே வெளியே போக முடியாதவர்கள் மீது கைவைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதைப் பாரபட்சம் என்று தள்ளியது. சுமார் பதினாறு லட்சம் கோப்புகளைப் புரட்டிப் பார்க்க வேண்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் வெட்டுவது இவர்கள். வழக்கும் மேல்முறையீடுமாக அலைவது நடக்கவே முடியாதவர்கள். ஆட்சி மாறினாலும் இந்தப் புத்தி மாறவில்லை.

நான்கு புள்ளி விதி வந்திருந்தால், ஏற்கெனவே வாங்கும் 3,70,000 பேர் 2029-30-க்குள் கொடுப்பனவை இழப்பார்கள் என்று அரசே கணக்கிட்டது. தெரிந்தேதான் துணிந்தார்கள். மறுஆய்வை மாற்றுத்திறனாளிகளுடன் சேர்ந்து நடத்துவதாக இப்போது சொல்கிறார்கள். அப்படியானால் குளியல் பலகையில் தினமும் உட்கார்கிறவர்கள் சொல்வதைக் கேட்டு, புள்ளிப் பட்டியலை நியாயமாகத் திருத்தட்டும். நான்கு புள்ளி என்ற பேச்சு எந்தப் பெயரிலும் திரும்ப வரக் கூடாது.