பகிர்வதற்கு முன் ஒலியைத் திறந்து கேட்டோமா?

2023 மார்ச் முதல் வாரத்தில் திருப்பூர் இரயில் நிலையத்தில் நாம் கண்டது, ஹோலிப் பண்டிகைக்கு ஊர் செல்லும் வழக்கமான கூட்டம் மட்டுமன்று. பண்டிகைக்குப் புறப்படுபவர் பிள்ளைகளுக்கென்று பனியன் பொதி ஒன்றேனும் கட்டிச் செல்வார். அவ்வாண்டோ சிலர் வாரச் சம்பளத்திற்கும் காத்திராமல், ஒற்றைப் பையுடன் நடைமேடையில் அமர்ந்திருந்தனர். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று கூறும் காணொளிகள் அவர்களுடைய கைப்பேசிகளில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றையே ஊரில் பார்த்த தாய்மார்கள், அழைத்து அழுதுகொண்டிருந்தனர்.

அப்படிப் பரவியவற்றுள் இரண்டைப் பற்றி, அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கம் அளித்தார். ஒன்று, திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களே இரு தரப்பாகத் தமக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று, கோவையில் உள்ளூர்வாசிகளிடையே நடந்த சண்டை. அதற்குள் பீகார்ச் சட்டமன்றத்தில் அமளி மூண்டிருந்தது. அம்மாநில அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு இங்கு வந்து தொழிலாளர்களிடம் நேரில் பேசிய பிறகே பதற்றம் தணிந்தது. பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் நடித்து எடுக்கப்பட்ட காணொளியும் அவற்றுள் இருந்ததை, பின்னர் பீகார்க் காவல்துறையே கண்டறிந்தது.

பொய் சொன்னவர்களைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். நாம் பேச விழைவது, அப்பொய் பயணம் செய்த பாதையைப் பற்றி. அப்பாதையை அமைத்தவர்கள் நம் விரலின் சோம்பலை நன்கு அறிந்தவர்கள். பக்கம் முடிந்தால் நாம் நின்றுவிடுவோம் என்பதால், முடிவே இல்லாமல் உருண்டோடும் திரையைத் தந்தார்கள். 2006இல் அதனை வடிவமைத்த ஆசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வருந்தினார். காணொளிகள் நாம் தொடாமலேயே ஓடத் தொடங்குகின்றன. பல இடங்களில் ஒலியின்றியே ஓடுகின்றன. ஆகவே நாம் கேட்பதில்லை, மேலே எழுதியிருக்கும் ஒரு வரியை மட்டும் படிக்கிறோம். ஒலியைத் திறந்திருந்தால், அடிப்பவனும் அடிபடுபவனும் எம்மொழியில் ஏசிக்கொள்கிறார்கள் என்பதாவது பலருக்குத் தெரிந்திருக்கும்.

வடிவமைப்பைச் சற்று மாற்றினாலே பரவல் குறையும் என்பதை, நிறுவனங்களும் அறிந்தே இருக்கின்றன. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற 65 வயதுச் சென்னைப் பெண்மணி ஒருவர், பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார். நாடெங்கும் இத்தகைய கொலைகள் தொடர்ந்த பிறகு, அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரையறுத்தது. படத்துக்கும் காணொளிக்கும் அருகில் இருந்த விரைவுப் பகிர்வுப் பொத்தானையும் நீக்கியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்றாக்கியது. அத்தகைய செய்திகளின் பரவல் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. ஒரு கூடுதல் தட்டலுக்கு இவ்வளவு வலிமை! அதனைத் தொடக்கத்திலேயே வைத்திருக்கலாகாதா என்று நாம் கேட்டால், அவர்களிடம் நேர்மையான பதில் இருக்காது என்றே எண்ணுகிறோம்.

அந்த 2020 ஏப்ரலை நம் சமுதாயம் மறந்திருக்க முடியாது. டெல்லி தப்லீக் மாநாட்டை ஒட்டி, உணவில் உமிழ்கிறார்கள், நோயை வேண்டுமென்றே பரப்புகிறார்கள் என்று எங்கோ, எப்போதோ எடுத்த காணொளிகளெல்லாம் நம் பெயரில் ஓடின. தள்ளுவண்டியில் பழம் விற்றவர்களையும் பெயர் கேட்டு விரட்டினார்கள். மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அம்மாநாட்டிற்கு வந்திருந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்டில் தள்ளுபடி செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கருத இடமுண்டு என்றது. அத்தீர்ப்பை எத்தனை பேர் பகிர்ந்தார்கள்?

அந்த வலியை அறிந்த நாமே, 2023 ஜனவரி இறுதியில் என்ன செய்தோம்? திருப்பூரில் வடமாநிலத்தவர் கூட்டமாகச் சேர்ந்து தமிழர்களை விரட்டுகிறார்கள் என்று ஒரு காணொளி வந்தது. நம் மஹல்லாக் குழுவில், இஷா தொழுதுவிட்டு வந்த நேரத்தில், நம் கையாலேயே அதனை அனுப்பினோம். தேநீர்க் கடையில் சிலருக்கிடையே மூண்ட தகராறு அது, நடந்து நாட்கள் பல ஆகிவிட்டன என்று காவல்துறை பிறகு விளக்கியது. அதற்குள் அது எத்தனை பனியன் கம்பெனிகளின் குழுக்களுக்குள் புகுந்து, எத்தனை கட்டிங் மேசைகளில் பேச்சாகியிருக்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான். பாட்னாவில் பொய்யைப் பகிர்ந்தவரும் நம்மைப் போலவே, தம் மக்களை எச்சரிக்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்.

தீயவர் கொண்டுவரும் செய்தியை ஆராயாமல் ஏற்றால், அறியாமையால் ஒரு சமூகத்துக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரிடும் என்று, ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நம்மை எச்சரிக்கிறது. நம் காலத்தின் சிக்கல் என்னவெனில், தீயவர் நேரில் வருவதில்லை. செய்தியைக் கொண்டுவருபவர் நம் மச்சானாகவோ, சின்னம்மாவாகவோ, ஜமாஅத் பெரியவராகவோ இருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவனின் சொல், அவர்களுடைய முகத்தை அணிந்துகொண்டு நம்மிடம் வருகிறது. ஹதீஸ் அறிஞர்கள் ஒரு செய்தியை ஏற்பதற்கு முன், அதனை அறிவித்த ஒவ்வொருவரின் நேர்மையையும் நினைவாற்றலையும் சோதித்தார்கள். நமக்கோ அந்தச் சங்கிலியில் கடைசி ஆளை மட்டுமே தெரியும். அவருக்கு முன்னிருந்தவர்கள் எல்லாரும் ஓர் அம்புக்குறிக்குப் பின்னால் மறைந்துவிடுகிறார்கள்.

நம் பக்கத்து லைன் வீட்டில் பீகார் இளைஞர் மூவர் தங்கியிருந்தனர். ஜுமுஆவில் நம்முடன் தோளொட்டி நின்றவர்கள். நாம் அனுப்பிய காணொளியை அவர்களுள் ஒருவர், யாரோ காட்டப் பார்த்திருக்கிறார். தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும், அது எவரைப் பற்றியது என்பது அவருக்குப் புரிந்தது. அதன்பின் நம் சலாமுக்குப் பதில் சொன்னார், ஆனால் நின்று பேசவில்லை. மார்ச் மாதம் மூவரும் புறப்பட்டுவிட்டார்கள்.

அனைவருக்கும் தெரியாதபடி அழித்துவிடும் வசதியை நாடினோம். அதற்கு வாட்ஸ்அப் தரும் அவகாசம் இரண்டரை நாள், அது எப்போதோ கடந்திருந்தது. ஆகவே குழுவில், நாம் அனுப்பியது தவறான செய்தி என்று எழுதினோம். பலர் பார்த்ததாக நீலக்குறி காட்டியது. இருவர் நன்றி என்றார்கள். அத்திருத்தத்தை வேறு குழுவுக்கு அனுப்பியதாக ஒருவரும் சொல்லவில்லை.